பொட்டுக்கு அடியில் வளர்ந்தது

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ஒரகடத்தில் மின்னணுப் பலகைகள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருக்கிறேன். வட்ட விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே பலகையை வைத்து, ஈயம் சரியாகப் பிடிக்காத இடம், கோணலாக உட்கார்ந்த பாகம் என்று தேட வேண்டும். கடுகளவு தவறு தெரிந்தாலும் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். "செல்வி கண்ணுல எதுவும் தப்பாது" என்று சூப்பர்வைசரே சொல்வார். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையின் முகத்தில் என்ன செய்து வைத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். கம்பெனி பஸ்ஸில் என்னோடு வரும் பெண்களில் பாதிப் பேர் கைக்குழந்தைக்காரிகள். அவர்களிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே ஸ்டாப் வந்துவிடுகிறது. எழுத்தில் முழுசாக இருக்கட்டும்.

யாழினி பிறந்தது 2013இல், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் என் பிறந்த ஊரில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தேன். பிறந்தபோது அவள் முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ குளிப்பாட்டித் துடைக்கும்போது மோவாயில் கொசு கடித்தது போல ஒரு வெளிர்சிவப்புத் தடம் தெரிந்தது. தொட்டால் அழவில்லை. மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. மூன்றாவது வாரம் நல்ல சிவப்பாகி லேசாக மேடு தட்டியது. கீழுதட்டோரத்தில் சின்னதாக இன்னொன்று எட்டிப் பார்த்தது.

எனக்கு முதலில் வந்த பயம் பிள்ளையைப் பற்றியது இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது. நான் பயந்தது கஸ்தூரி மைனிக்கு. மைனி என் வீட்டுக்காரர் ஏழுமலையின் அக்கா, மணிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர். நானும் ஏழுமலையும் ஒரே ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்று பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். "எங்கிருந்தோ வந்த பொண்ணு" என்று கல்யாணத்தன்று மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது என் மனசில் முள்ளாக இருந்தது. இப்போது பிறந்த பெண்ணுக்கு முகத்தில் சிவப்பு என்றால் சும்மா விடுவாரா? கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதைச் சாப்பிட்டாய், எதைத் தொட்டாய் என்று குடைவார் என்று நானே கற்பனை செய்து நானே வெந்தேன்.

மறைக்க வழி கையிலேயே இருந்தது. பச்சைப்பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்காத வீடு ஏது? கன்னத்தில் வைத்த கறுப்பு மையை மோவாய்க்கு இறக்கினேன். சிவப்பு காணாமல் போயிற்று. "நாடியில வச்சா எம்புட்டு அழகா இருக்கு" என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஞாயிறுதோறும் பிள்ளையைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, பொட்டு வைத்து, போனில் படம் எடுத்து ஏழுமலைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைத் தன் ஷிஃப்டில் எல்லோருக்கும் காட்டினார். நான் ஊரிலிருந்து அனுப்பியது ஏழு ஞாயிறு, ஏழு படம். ஊரில் முதல் தடுப்பூசிக்குப் போனபோதும் பொட்டோடுதான் போனேன்.

முன்பு எங்கள் லைனில் ஒருத்தி, தவறு இருந்த இடத்தின் மேல் லேபிளை ஒட்டிப் பலகையை அனுப்பிவிட்டாள். அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவளைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு மாதம் முடியும் தறுவாயில் பிள்ளையோடு சேரப்பணஞ்சேரியில் எங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பினேன். அன்று சாயங்காலம் ஏழுமலை தானே வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிள்ளையின் முகத்தைத் துடைத்தார். மை கரைந்து வந்தது. அவர் கை நின்றது.

"இன்னா இது? காயமா?"

"இல்லங்க. மச்சம் மாதிரி."

"போட்டோ ஒண்ணுத்துலயும் இல்லியே."

"பொட்டு வச்சிருந்தேம்லா. பிறந்ததுலருந்தே இருக்கு."

இப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்தது. நாள் போகப் போக வளர்ந்தது என்று சொன்னால், இத்தனை வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றால் அதோடு பேச்சு முடியும். அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுக்கா மறைச்ச? என் பொண்ணு எப்டி இருந்தாலும் ராசாத்திதான்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் அவர்தான் மறுநாள் லீவு போட்டுப் படப்பையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த டாக்டர் நிதானமானவர். வெளியே முப்பது பேர் இருமிக்கொண்டிருந்தும் பிள்ளையை அவசரமில்லாமல் பார்த்தார்.

"எப்போலேருந்து இருக்கும்மா?"

"பிறந்ததுலருந்தே சார்."

"பெருசாகிட்டு வருதா?"

ஏழுமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சார், அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"பயப்படாதீங்க. ரத்தக் குழாய் கொஞ்சம் அதிகமா இருக்கற இடம் இது. நிறையக் குழந்தைங்களுக்கு வரும். பெரும்பாலும் தானா அடங்கிடும். ஆனா ஒண்ணு, வளர்ற மாதிரி தெரிஞ்சா உடனே வாங்க. அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

மூக்கில் சளி மாதிரி சத்தம் வருகிறது என்றும் சொன்னேன். ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று மூக்குக்குச் சொட்டு மருந்து எழுதினார். பிற்பாடு எங்கள் சொந்தத்தில் சிலர் அந்த டாக்டரைக் கண்டபடி பேசினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார். என் பதிலுக்கு ஏற்ற வைத்தியம் அதுதான்.

சத்தம் நாளுக்கு நாள் கூடியது. மூச்சை வெளியே விடும்போது ஒன்றும் இல்லை. உள்ளே இழுக்கும்போதுதான் வந்தது. சைக்கிள் பம்பின் பிடியை மேலே தூக்கும்போது வருமே, அந்த மாதிரி. பால் குடிக்கும்போது பத்து இழுப்பு குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி வாயை வைப்பாள். அரை மணி நேரம் ஆனாலும் வயிறு நிறையாது. சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் காது அந்தச் சத்தத்தின் மேலேயே இருந்தது. அடுப்பில் சோறு குழைந்து போனதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஏழுமலையிடம் சொன்னால், "எனக்கு ஒண்ணியும் கேக்கலியே. நீதான் காதுக்கும் பூதக்கண்ணாடி வச்சிகினு கீற" என்று சிரிப்பார். அவர் கார்க் கதவுக்குத் தகடு அடிக்கும், காதைப் பிளக்கும் இரைச்சல் உள்ள பிரஸ் ஷாப்பில் எட்டு வருடமாக வேலை செய்கிறார். வீட்டில் நான் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். டிவி சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் காதைப் பற்றி நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

இதற்கு நடுவில் பொட்டு மட்டும் நிற்கவில்லை. வாசலில் இறங்கினாலே மை வைத்தேன். மோவாய்க்கு ஒன்று, உதட்டோரத்துக்கு ஒன்று என்று இருந்தது போய், காதுக்குக் கீழே தாடையோரத்தில் புதிதாகக் கிளம்பிய சிவப்புக்கும் ஒன்று தேவைப்பட்டது.

பத்தாவது வாரம் இரண்டாவது தடுப்பூசி. புதன்கிழமை காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் செவிலியரை ஊரே நர்சம்மா என்றுதான் கூப்பிடும். ஐம்பதை நெருங்கும் வயது, வெடுக்கென்று பேசும் வாய். எடை பார்க்கச் சட்டையைக் கழற்றித் தட்டில் போட்டதும் யாழினி வீறிட்டு அழுதாள். ஒவ்வொரு அழுகைக்கும் நடுவில் அந்தப் பம்புச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஊசிக்கு வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்சம்மா எடையை எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தச் சத்தம் எத்தினி நாளா?"

"ரெண்டு வாரமா. சளின்னு மருந்து விடுதேன்."

"சளி இல்லம்மா இது. இங்க பாரு."

மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்தெலும்புக்கு நடுவிலும் விலா எலும்புக்குக் கீழேயும் குழி விழுந்து விழுந்து எழுந்தது. சட்டைக்குள் இருந்ததால் நான் கவனித்ததே இல்லை. குளிப்பாட்டும்போது? அப்போதும் என் கண் மோவாயிலேயே இருந்தது. நர்சம்மா பஞ்சை நனைத்துப் பிள்ளையின் முகத்தை ஒரே இழுப்பாகத் துடைத்தார். மூன்று பொட்டும் போய், மூன்று சிவப்பும் வெளியே வந்தன.

"யாரும்மா இவ்ளோ மை அப்பினது? இது வளர்ந்துச்சா, முதல்லேருந்தே இவ்ளோதானா?"

அவர் வேண்டியவர் இல்லை, விரோதியும் இல்லை. 'இல்ல' என்று சொல்ல வாய் திறந்தது. மேஜையில் பிள்ளையின் நெஞ்சு குழிந்துகொண்டிருந்தது.

"வளந்துச்சு நர்சம்மா. பிறந்தப்ப ஒண்ணுமே இல்ல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தாடையில, மோவாயில இது வந்தா தொண்டைக்குள்ளாரயும் இருக்கலாம்னு ட்ரெயினிங்ல ஒரு டாக்டர் சொன்னாரு. அதுதானான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியலங்கறதாலதான் அனுப்பறேன். ஊசி இன்னிக்கு வேணாம். நீ இப்பவே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போற. நாளைக்குன்னு சொல்லாத" என்று ஒரு சீட்டில் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டார்.

ஏழுமலை முதல் ஷிஃப்டில் இருந்தார். பிரஸ் ஷாப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது. நர்சம்மா கம்பெனி கேட் செக்யூரிட்டியிடம் பேசிச் செய்தி சொன்னார். தனியாக ஆம்புலன்ஸில் ஏற எனக்குக் கால் வரவில்லை. இந்தப் பக்கம் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? யாருக்குப் பயந்து பொட்டு வைத்தேனோ அவரையே கூப்பிட்டேன். "மைனி, பிள்ளைக்கு மூச்சு..." என்று மட்டும் சொன்னேன். மைனி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. படப்பையில் ரோட்டோரம் காத்திருந்து வண்டியில் ஏறிக்கொண்டார். போட்டிருந்த வீட்டுப் புடவையோடு வந்திருந்தார்.

யாழினியின் முகத்தில் மையில்லை. ஆக்சிஜன் குழாய் மட்டும் இருந்தது. மைனி குனிந்து பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன். என் புத்தி அப்போதும் அங்கேதான் இருந்தது.

"கொயந்த மூச்சு இஸ்துகினு கீது, நீ என் மூஞ்ச இன்னாத்துக்குப் பாக்கற? அத்தப் பாரு" என்றார். தாம்பரம் தாண்டும்வரை என் தோளை விடவில்லை.

அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சீட்டைப் படித்ததும் தோல் டாக்டரையும் காது மூக்கு தொண்டை டாக்டரையும் கூப்பிட ஆள் அனுப்பினார். அதற்குள் ஏழுமலை வந்து சேர்ந்தார். யூனிஃபார்ம், பாதுகாப்பு ஷூ, மேலெல்லாம் மெஷின் எண்ணெய் வாடை. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கேட்டு அலைந்திருக்கிறார், ஆள் தெரிவதற்கு முன்னாடியே ஷூ சத்தம் கேட்டது.

"ஆரம்பத்துல எப்படி இருந்தது, எவ்வளவு வேகமா வளர்ந்ததுன்னு தெரியணும். பிறந்ததிலேருந்து எடுத்த போட்டோ இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

ஏழுமலை ஆசையாகத் தன் போனை நீட்டினார். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, "எல்லாத்துலயும் மை வச்சிருக்கீங்களே. ஒண்ணுலகூட அது தெரியலையே" என்று அலுத்துக்கொண்டார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், என்ன தோன்றிற்றோ, மறுபடி முதல் படத்துக்குப் போனார். பிறகு கடைசிப் படத்துக்கு வந்தார்.

"ஏம்மா, வாரா வாரம் பொட்டு ஏன் பெருசாகுது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மறைக்கிற அளவுக்கு மட்டுந்தான் வைப்பேன் டாக்டர்" என்றேன். அதற்குமேல் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது வாரம் மிளகளவு, ஐந்தாவது வாரம் துவரம்பருப்பளவு, ஏழாவது வாரம் புளியங்கொட்டை அளவு, உதட்டோரம் எப்போது, தாடையோரம் எப்போது என்று தேதிவாரியாக என்னால் சொல்ல முடிந்தது. டாக்டர் கேஸ் தாளின் ஓரத்தில் சின்னதும் பெரிதுமாக வட்டங்கள் போட்டுப் பக்கத்தில் வாரத்தை எழுதினார். எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பது அந்த வட்டங்களிலேயே தெரிந்தது.

ஏழுமலை மெதுவாகக் கேட்டார். "அப்டியேதான் கீதுன்னு அந்த டாக்டராண்ட சொன்னியே செல்வி?"

அவர் கத்தியிருக்கலாம். அந்தக் குரலில் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று அந்தப் பெண் டாக்டர் எங்களுக்குச் சொன்னதை, எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இதன் பெயர் ஹீமாஞ்சியோமா. சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் தேவைக்கு மேல் பெருகிச் சேர்ந்த கட்டி. புற்றுநோய் இல்லை. கிரகணத்தாலோ தாய் தின்றதாலோ வருவதில்லை. பிறந்து ஓரிரு வாரத்தில் தலைகாட்டி, முதல் மூன்று மாதம் வேகமாக வளர்ந்து, பிறகு நின்று, சில வருடத்தில் தானே வற்றிவிடும். கையிலோ முதுகிலோ சின்னதாக ஒன்று இருந்தால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பிறகு டாக்டர் தன் விரலைத் தன் முகத்திலேயே வைத்துக் காட்டினார். "கண்ணு பக்கத்துல வந்தா பார்வையை மறைக்கும். மூக்கு நுனி, உதடுன்னா வடிவம் கெடும், புண்ணாகும். இப்படி தாடி வளர்ற இடத்துல வந்தா மூச்சுக்குழாய்லயும் இருக்கலாம். முகத்துல பெரிசா பரவினா, நடு முதுகுக்குக் கீழ வந்தா, உடம்புல அஞ்சுக்கு மேல இருந்தா, புண்ணாகி ரத்தம் வந்தா, இதுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அதுவும் முதல் மாசத்துக்குள்ளயே காட்டிடணும். வளர்றதே அப்பதானே. ஆறு மாசம் கழிச்சு வந்தா நாங்க செய்ய முடியறதே குறைஞ்சு போயிடும்."

மறுநாள் காலை மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மயக்கத்தில் மூச்சு சிக்கலாகலாம், அப்படியானால் கழுத்தில் துளையிட வேண்டி வரலாம் என்று படிவத்தில் இருந்தது. டாக்டர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ஏழுமலை கையெழுத்துப் போட்டார். ஐந்தரைக் கிலோ பிள்ளையின் கழுத்தில் எங்கே துளையிட இடமிருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தியேட்டர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் மூன்று குடும்பங்கள் இருந்தன, ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எல்லோரும் எழுந்து நின்றோம். மைனி இட்லியைப் பிய்த்து என் வாயருகே கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். "பால் குடுக்கறவ நீ. உனக்கா தர்றேன்? அதுக்குத்தான் தர்றேன்" என்றார். விழுங்கினேன்.

குழாய்க் கேமராவில் தெரிந்தது. குரல்நாணுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பாக ஒரு வீக்கம், வழியில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. முகத்தில் நான் மை வைத்துக்கொண்டிருந்த நாட்களில், மை வைக்க முடியாத இடத்தில் அதுவும் வளர்ந்திருக்கிறது. நல்லவேளையாக, கழுத்தில் துளையிடத் தேவைப்படவில்லை. "ஒரு சாதாரணச் சளி பிடிச்சிருந்தா மிச்ச வழியும் வீங்கி அடைச்சிருக்கும்" என்று தொண்டை டாக்டர் சொன்னார்.

வைத்தியம் ஒரு மாத்திரை. பிரோப்ரனலால் என்று பெயர். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற மாத்திரையாம். அது இந்தக் கட்டியைச் சுருக்குகிறது என்று கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன என்றார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து, பச்சைப்பிள்ளைக்கா? அதனால்தான் ஆஸ்பத்திரியில் வைத்து ஆரம்பிக்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். முதலில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் பார்த்தார்கள். மாத்திரையைப் பொடித்து, அளந்த தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் துளித்துளியாக வாயோரம் விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். வயிற்றில் பால் இருக்கும்போதுதான் மருந்து தர வேண்டும், வாந்தி எடுத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ அந்த வேளை தரக் கூடாது, இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இதை சிஸ்டர் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று முறை சொன்னேன்.

வார்டுக்குள் தாய் மட்டும் இருக்கலாம். ஆண்கள் பார்வையாளர் நேரத்தில்தான் வர முடியும். இரண்டாம் நாள் ஏழுமலை வந்ததும், மைனியைப் பிள்ளைக்கருகே உட்காரவைத்துவிட்டு நாங்கள் வராந்தாவில் நின்றோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர்தான் பேசினார். "சத்தம் கேக்குது, கேக்குதுன்னு நீ சொன்னல்ல? போன வருசம் கம்பெனில காது டெஸ்ட் எடுத்தாங்கோ. ரெண்டு காதும் கம்மியாய்ட்ச்சுன்னாங்கோ. லைன விட்டு எடுத்துருவாங்களோன்னு நான் உன்னாண்ட கூட சொல்லல. எனக்குக் கேக்கலன்னு சொல்றதுக்குப் பதிலு, சத்தமே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

அவரும் நானும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கு ஒன்றை மறைத்திருக்கிறோம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார். பக்கத்தில் பால்பாட்டில் கழுவிக்கொண்டிருந்த பெண் குழாயை மூடிவிட்டுத் தள்ளிப் போனாள்.

மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் சத்தம் அப்படியேதான் இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. குறைகிற மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். என் காதை நான் நம்பவில்லை, அவர் சொன்னதையும் நம்பவில்லை. மருந்து கேட்காத பிள்ளைகளும் உண்டா என்று கேட்டேன். "உண்டு, கொஞ்சம் பேர். அப்ப வேற வழி பார்ப்போம்" என்றார். உண்மையைச் சொன்னதற்கு நன்றியாக இருந்தது, ஏன் கேட்டோம் என்றும் இருந்தது. பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தால் பயம். ஆனால் வருகிறவரை மூச்சு இருக்கிறது என்று ஒரு தெம்பு. பக்கத்துக் கட்டில்காரி, "கண்ண மூடிப் படும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மருந்து கொடுத்து, பால் கொடுத்து, துடிப்புப் பார்க்கும் மெஷினைக் கழற்றிவிட்டுப் போனார்கள். ஜன்னல் வழியாக நல்ல வெயில். கட்டிலின் விளிம்பில் தலை வைத்தவள் எத்தனை நிமிடம் அசந்தேனோ தெரியாது. விழிப்பு வந்தபோது சத்தம் இல்லை.

யாழினி அசையாமல் கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. காதை அவள் முகத்தருகே கொண்டுபோனேன். ஒன்றும் கேட்கவில்லை. வார்டில் மின்விசிறி ஓடியது, யாரோ டம்ளர் உருட்டினார்கள், அதெல்லாம் கேட்டது. அந்தச் சத்தம் மட்டும் இல்லை. துடிப்பைக் குறைக்கும் மருந்து, துடிப்பைக் குறைக்கும் மருந்து என்று தலைக்குள் அடித்தது. பிள்ளையை வாரி எடுத்து உலுக்கினேன். "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. வெளியே இருந்த மைனி கதவருகே ஓடி வந்து நின்றார்.

யாழினி கண்ணைத் திறந்தாள். முகம் சிவக்க, கையை முறுக்கிக்கொண்டு, தூக்கம் கலைந்த ஆத்திரத்தில் வீறிட்டு அழுதாள். சிஸ்டர் ஓடி வந்து அவளை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டெத்தை நெஞ்சில் வைத்தார், கழுத்தில் வைத்தார், மறுபடி நெஞ்சில் வைத்தார். வாட்சைப் பார்த்து எண்ணினார். குதிகாலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார். அதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

"நல்லா தூங்கிட்டிருந்த பிள்ளைய எதுக்கும்மா எழுப்புன?" என்றார்.

"சத்தம் நின்னுருச்சு சிஸ்டர்."

அவர் ஸ்டெத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நிக்கறதுக்குத்தானம்மா மருந்து குடுக்கறோம்."

யாழினி அழுகையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு அழுகைக்கும் நடுவில் மூச்சு இழுத்தாள், அது எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே போயிற்று. அவளைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.